ஆற்றில் போட்டது

'சர்வர்' என்றால் என் மனத்தில் இன்னமும் ஓட்டல் சர்வர்தான் வந்து நிற்கிறார். இடது கையில் முழங்கை வரைக்கும் தோசைத் தட்டுகள், வலது கையில் சாம்பார் வாளி. யார் மேலும் இடிக்காமல் மேஜைகளுக்கு நடுவே நீந்தி வருவாரே, அந்த மனிதர். 1964-ல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷ் அந்த வேலைக்கே ஒரு காவிய அந்தஸ்தைக் கொடுத்துவிட்டார். நான் பிறப்பதற்குப் பல வருஷங்கள் முந்திய படம். ஆனாலும் அதைப் பார்த்த பிறகு, டிப்ஸ் வைக்காமல் எழுந்து போக எனக்கு மனம் வந்ததில்லை.

இன்றைக்கு அந்தப் பெயர் வேறொருவருக்குப் போய்விட்டது. ரேஷன் கடையில் விரலை வைத்துவிட்டு நிற்கிறோம். "சர்வர் வேலை செய்யலைங்க" என்கிறார்கள். சான்றிதழ் வாங்கப் போகிறோம், "சர்வர் கிடைக்கலை, நாளைக்கு வாங்க." பழைய சர்வராவது, "இதோ வந்துட்டேன் சார்" என்று ஒரு பொய்யைச் சொல்லி நம்மைச் சமாதானப்படுத்திவிட்டுப் போவார். புதியவரைக் கண்ணால் பார்க்கக்கூட முடியாது. அவர் எந்த ஊரில் இருக்கிறார், எதற்காகக் கோபித்துக் கொண்டார் என்பது நமக்கும் தெரியாது, நமக்குப் பதில் சொல்கிறவருக்கும் தெரியாது.

அப்பேர்ப்பட்டவரை நேருக்கு நேர் தரிசிக்கும் பாக்கியம் எனக்கு 2024-ம் வருஷம் பங்குனியில் வேப்பூரில் கிடைத்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் அவரும் நானும் ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். அவர் கீழே, நான் மாடியில்.

வேப்பூரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்தது ஞாபகம் இருக்காது. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர்கள் உளுந்தூர்பேட்டையைத் தாண்டிக் கண் அயர்கிற நேரத்தில் வந்து போகிற ஊர் அது. விருத்தாசலத்திலிருந்து சேலம் பக்கம் போகும் சாலை அங்கேதான் நெடுஞ்சாலையைக் குறுக்கே வெட்டுகிறது. வெள்ளிக்கிழமை தோறும் ஆட்டுச் சந்தை. விடியலுக்கு முன்பே வேன்களும் ஆடுகளும் வியாபாரிகளுமாக ஊர் திணறும். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் கலைந்து, புழுக்கைகளும் கிழிந்த தழைகளுமே பாக்கியாகக் கிடக்கும்.

என் பால்ய சிநேகிதர் ஒருவர் அங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் கிடங்கும் ஆபீசும் வைத்திருக்கிறார். விருத்தாசலத்துப் பீங்கான் சரக்குகளை வாங்கி வெளியூர்களுக்கு லாரியில் அனுப்புவது தொழில். விருத்தாசலம் என்றால் நமக்குப் பழமலைநாதர் கோயில் ஞாபகம் வருகிறது. கடைக்காரர்களுக்கு ஞாபகம் வருவது பீங்கான். களிமண், பளிங்குக் கல், பெல்ஸ்பார் என்ற கல் மூன்றையும் மாவாக அரைத்துக் குழைத்து, அச்சில் வார்த்து, 1,200 டிகிரி சூட்டில் சூளை வைத்தால், அது ஃபியூஸ் கட்டையாகவோ, கம்பத்து இன்சுலேட்டராகவோ, கார்த்திகை விளக்காகவோ, கொலுவில் உட்காரும் செட்டியார் பொம்மையாகவோ வெளியே வருகிறது. மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் சாமானும், நவராத்திரிக்குச் சுண்டல் கேட்கும் சாமானும் ஒரே மண். இதில் ஏதோ கதை இருப்பதாக எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. இதுவரை எழுதவில்லை.

தொடர்கதை ஒன்றை முடிக்க முடியாமல் நான் தவித்துக் கொண்டிருந்தேன். "எங்க ஆபீஸ் மாடியிலே ஒரு ரூம் சும்மாக் கிடக்குடா. வந்து உட்கார்ந்து எழுது. லாரிச் சத்தம் இருக்கும், மனுஷத் தொந்தரவு இருக்காது" என்று சிநேகிதர் கூப்பிட்டார். போனேன்.

தொந்தரவு சர்வர் ரூபத்தில் வந்தது.

அது ஓர் இரும்பு அலமாரிக்குள் இருந்தது. கீழே ஐந்து கம்ப்யூட்டர்கள். ஐந்துக்கும் கணக்கு, இருப்பு, பில் எல்லாம் அந்த ஒரு யந்திரத்திலிருந்துதான் வரவேண்டும். லாரி கிளம்ப வேண்டுமானால் இ-வே பில் வேண்டும். அந்தச் சீட்டு இல்லாமல் சரக்கோடு சாலையில் போனால் அபராதம். சர்வர் நின்றால் பில் நிற்கும், பில் நின்றால் லாரி நிற்கும், லாரி நின்றால் டிரைவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்று கொண்டு எல்லோருடைய பாட்டனாரையும் விசாரிப்பார். மாடியில் என் கதாநாயகி அழுது கொண்டிருக்கும்போதெல்லாம் கீழே இந்த விசாரணை நடந்தது.

'ஹேங்' என்று அவர்கள் சொன்ன அந்த நிலையை நானே இறங்கி வந்து பார்த்தேன். திரையில் இருந்தது இருந்தபடி இருக்கும். அம்பு நகராது. மூலையில் கடிகாரம் 2.17 என்றால் 2.17-லேயே உறைந்திருக்கும். உள்ளே விசிறி மட்டும் சுற்றிக் கொண்டிருக்கும். மூச்சு உண்டு, பேச்சு இல்லை. பொத்தானை அமுக்கிக் கொன்று, மறுபடி உயிர் கொடுத்தால், ஒன்றுமே நடக்காதது போல் விழித்துக் கொள்ளும். பிறகு மறுநாளோ, அன்று சாயங்காலமோ, மறுபடியும்.

மாசியில் ஆரம்பித்ததாம் இந்தச் சங்கடம். நான் போவதற்குள் நாலு வைத்தியர்கள் வந்து போயிருந்தார்கள். முதல்வர் ஞாபகச் சில்லுகளை மாற்றினார். இரண்டாமவர் தட்டை மாற்றிவிட்டு, கையோடு விசிறியையும் மாற்றினார். மூன்றாமவர் உள்ளே இருந்த சாப்ட்வேரையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். நாலாமவர் நேரில் வரவே இல்லை. தொலைபேசியில், "அணைத்துப் போட்டுப் பாருங்கள்" என்று சொன்னதற்குப் பில் அனுப்பினார். யு.பி.எஸ். பாட்டரிகளும் புதிது. எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது என்றார் சிநேகிதர்.

ஐந்தாவதாக அவருடைய தாயார் ஒரு யோசனை சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் ஆபீசைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, அலமாரிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி, சாம்பிராணி போட வேண்டும் என்பது. கேலி செய்யாதீர்கள். அந்த வைத்தியம் ஒன்றுதான் பலித்தது! வெள்ளிக்கிழமைகளில் சர்வர் நிற்கவில்லை. சனிக்கிழமைகூட அனேகமாக ஓடிவிடும். ஞாயிறு விடுமுறை. திங்கள் மதியத்துக்கு மேல் மறுபடியும் பழைய கதை. சிநேகிதர் உற்சாகம் கொண்டு செவ்வாய்க்கிழமையும் பூஜையைத் தொடங்கினார். சந்தை நாளில் சாவகாசம் உண்டு, செவ்வாயன்று கழுவ நேரமில்லை. ஆகவே சாம்பிராணியும் எலுமிச்சையும் மாத்திரம். செவ்வாய்க்கிழமை யந்திரம் இரண்டு முறை நின்றது. "நம்ம சிரத்தை போதலை" என்றார் அவர்.

இனி நான் சொல்லப் போவது எனக்குப் பெருமையளிக்கும் விஷயமல்ல.

அந்த ஆபீசில் பில் போடுவதற்கு ஒரு பெண் இருந்தாள். பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். பி.காம். படித்தவள், சம்பளம் பன்னிரண்டாயிரம், தம்பி விருத்தாசலத்தில் கல்லூரியில் படிக்கிறான். சாயங்காலம் கணக்கைப் பிரதி எடுத்து வைப்பதற்காக, அலமாரியைத் திறந்து யந்திரத்தில் ஒரு சிறு குச்சியைச் செருக வேண்டியது அவள் வேலை. நான் மாடிப்படியில் நின்று பார்த்தபோது மூன்று தடவை, அவள் அலமாரியில் கை வைத்த அந்தக் கணத்தில் சர்வர் நின்றது.

மூன்று தடவை! கதாசிரியனுக்கு ஒரு தடவையே தாராளம். தை மாதம் அவள் சம்பள உயர்வு கேட்டு, கிடைக்கவில்லை என்றும் கேள்விப்பட்டிருந்தேன். காரணமும் கிடைத்துவிட்டது. இரவு சாப்பிடும்போது சிநேகிதரிடம், "அந்தப் பொண்ணு கை வைக்கிறப்பத்தான் நிக்குது, கவனிச்சியா?" என்றேன். குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு சுவாரசியத்துக்காகச் சொன்னேன். அவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் யோசித்தார். "மேனேஜரும் அதைத்தான் சொல்றாரு" என்றார். மறுநாள் காலையில் மாதக் கடைசியோடு அவளை நிறுத்திவிடத் தீர்மானமாகிவிட்டது. காரணம் அவளிடம் சொல்லவில்லை. அப்படிப்பட்ட காரணங்களை யாரும் சொல்வதில்லை. மற்றவர்கள் பார்க்கிற பார்வையிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அவள் ஒன்று சொல்லியிருந்தாள். நானே கேட்டேன். "பீரோவைத் தொட்டா சுருக்குனு இழுக்குது சார்" என்று மேனேஜரிடம் சொன்னாள். அவர் உடனே எழுந்து போய் அலமாரியை நன்றாகத் தடவிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் இழுக்கலையே?" என்றார். அவர் காலில் கனத்த ரப்பர் செருப்பு. அவளோ, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவள். மறுநாள் பயத்தில் செருப்போடு உள்ளே வந்தாள். "பூஜை பண்ற இடத்திலே செருப்பா?" என்று அதற்கும் வாங்கிக் கட்டிக் கொண்டாள். நான் படியில் நின்று சிரித்தேன். அதோடு விட்டேனா? என் தொடர்கதையில் அந்த வாரமே ஓர் அசட்டுப் பெண்ணை நுழைத்து, அவளுக்கு யந்திரங்களிடம் பயம் என்று எழுதிவிட்டேன்.

சுந்தரமூர்த்தி நாயனாருக்குப் பன்னிரண்டாயிரம் பொன் கிடைத்ததே, அது இதே விருத்தாசலத்தில்தான். அதை அவர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் தேடி எடுத்துக் கொண்டார் என்பது கதை. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவதைப் பற்றி நம்மவர்கள் இன்றைக்கும் கேலியாகப் பேசுகிறார்கள். நாயனாருக்குக் கிடைத்துவிட்டது, அவர் கதை வேறு. நாங்கள் தேடிக் கொண்டிருந்த குளத்தில் பொன்னே இல்லை.

வைகாசி பிறந்து பத்து நாள் இருக்கும். விருத்தாசலத்திலிருந்து ஓர் இளைஞன் வந்தான். அங்கே பீங்கான் தொழில்நுட்பம் படிப்பதற்கென்றே அரசாங்கத்தின் பயிலகம் ஒன்று இருக்கிறது. அதில் டிப்ளமா படித்துவிட்டு, எப்படியோ கம்ப்யூட்டர் ரிப்பேருக்குத் திரும்பிவிட்டவன். வந்தவன் யந்திரத்தைத் திறக்கவில்லை. "இதுவரைக்கும் என்னென்ன மாத்தினாங்க? எந்தத் தேதியிலே?" என்று கேட்டான். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. "ரெண்டு மூணு சாமானை ஒரே சமயத்திலே மாத்திட்டா, சரியானாலும் எதனாலே சரியாச்சுன்னு தெரியாது, சரியாகலைன்னாலும் எது நல்ல சாமான்னு தெரியாது சார்" என்றான். டாக்டர்களிடம் நான் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட வார்த்தை அது.

பிறகு யந்திரம் தானாகவே எழுதி வைக்கும் நாட்குறிப்பைத் திரையில் வரவழைத்து எனக்குக் காட்டினான். "கடைசி வரியைப் பாருங்க. நல்லாப் பேசிட்டிருக்கு. அடுத்த வரி, நாம மறுபடி போட்டதுக்கு அப்புறம்தான். புரோகிராம் கோளாறுன்னா பெரும்பாலும் கொஞ்சம் முனகிட்டுத்தான் விழும். இது முனகாம விழுது. அடி வெளியிலேருந்து வருதோன்னு தோணுது."

"எத்தனை நாளா அணைக்காம ஓடுது?" என்றும் கேட்டான். அது எதற்கு என்றேன். 'விண்டோஸ் 95' என்ற பழைய ஏற்பாட்டில் ஒரு வேடிக்கை உண்டாம். போட்ட நேரத்திலிருந்து விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக அது எண்ணிக்கொண்டே போகும். 429 கோடி சொச்சத்தோடு அதற்கு எண் தீர்ந்துவிடும். 49 நாளும் முக்கால் நாளுக்குச் சற்றுக் குறைவும் ஆனால் யந்திரம் உறைந்து போகும். பல வருஷங்களாக அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஏனென்றால் அதற்கு முன்பே வேறு ஏதாவது ஒரு காரணத்தால் அது நின்றுவிடும்!

இரவு முழுவதும் ஞாபகச் சில்லுகளைச் சோதிக்க விட்டுவிட்டுப் போனான். காலையில் பார்த்தால் ஒரு பழுதும் இல்லை. உள்ளே சூடு அளவோடு இருந்தது. தூசி இல்லை. "நின்ன நேரத்தை யாராச்சும் எழுதி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டான்.

1947 செப்டம்பர் 9-ம் தேதி, அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் கட்டிய 'மார்க் 2' என்ற ராட்சத யந்திரம் நின்றுவிட்டபோது, உள்ளே ஒரு விட்டில் பூச்சி மாட்டிக் கொண்டிருந்ததைக் கண்டார்கள். அதை எடுத்துக் குறிப்பு நோட்டில் ஒட்டி, நேரத்தையும் எழுதி வைத்தார்கள். கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையார் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பிரபலமாக்கினார். அந்த நோட்டு, பூச்சியோடு, இன்றும் ஸ்மித்சோனியன் காட்சிசாலையைச் சேர்ந்ததாக இருக்கிறது. பூச்சியைக் காட்டிலும் அந்த நோட்டுதான் என்னைக் கவர்ந்தது. நின்றுபோன யந்திரத்தின் முன்னால் கோபப்படாமல் உட்கார்ந்து மணி என்ன என்று எழுதுவதற்கு ஒரு தனி மனம் வேண்டும்.

வேப்பூரிலும் அந்த மனம் ஒன்று இருந்தது. பையனின் கேள்விக்குச் சற்று நேரம் யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு அந்தப் பெண் தன் கைப்பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டை எடுத்தாள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் சர்வர் நின்ற மணி. அப்போது அலமாரியின் அருகே யார் இருந்தார்கள் என்பது. ஐம்பத்து மூன்று தாள்கள். "எம் மேலே சொல்றாங்கன்னு தெரிஞ்சதும் எழுத ஆரம்பிச்சேன் சார்" என்றாள், யாரையும் பார்க்காமல். 'யாரும் இல்லை' என்று எழுதிய தாள்கள்தான் அதிகம். நான் பார்த்த மூன்று தடவைகளை நான் எண்ணினேன். பார்க்காத தடவைகளை அவள் எண்ணியிருந்தாள்.

பையன் தாள்களை மேஜை மேல் சீட்டாட்டம் போலப் பரப்பினான். வெள்ளிக்கிழமைகள் வெறுமை. வைகாசி முதல் வாரத்தில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் வெறுமை.

"வெள்ளிக்கிழமை என்ன செய்வீங்க?"

"பூஜை" என்றார் சிநேகிதர், கொஞ்சம் பெருமையாகவே.

"இந்த மூணு நாள்?"

"அப்போ மழை."

"மழை நாள்லே பூஜை உண்டா?"

"இல்லை."

"செவ்வாய்க்கிழமை பூஜை உண்டு, ஆனா நிக்குது. சரி. வெள்ளிக்கிழமைக்கும் மழைக்கும் பொதுவா என்ன இருக்கு?"

மேனேஜர் கூரையைப் பார்த்தார். நான், உளவியல் நாவல்கள் எழுதுகிறவன் என்று பெயர் வாங்கியவன், ஜன்னலைப் பார்த்தேன்.

"தண்ணி" என்றாள் அந்தப் பெண். "வெள்ளிக்கிழமைதானே கழுவுறோம்." உடனேயே, "அதோட, வெள்ளிக்கிழமை பீரோ இழுக்கிறதும் இல்லை" என்றாள்.

பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இழுக்குமா?"

அலமாரிக் கதவையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மல்டிமீட்டரை எடுத்தான். சுவர்ப் பிளக்கில் நியூட்ரல் துளையிலும் எர்த் துளையிலும் கம்பிகளை வைத்தான். நாற்பத்தொன்று. இரண்டு மூன்றுக்குள் இருக்க வேண்டியதாம். "உங்க எர்த் குழி எங்கே?" என்றான்.

மின்சாரம் தெரிந்தவர்கள் அடுத்த பாராவைத் தாண்டிப் போகலாம். எனக்கு அது புதிதாக இருந்தது.

கட்டடத்துக்கு மின்சாரம் இழுக்கும்போது பின்புறத்தில் ஓர் ஆளுக்கு மேல் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதில் இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி மூடுகிறார்கள். தப்பி வரும் மின்சாரம் பூமிக்குப் போகிற வாசல் அது. ஈரமான மண்ணில்தான் மின்சாரம் இறங்கும். காய்ந்த மண்ணுக்கும் என் சிநேகிதர் விற்கிற பீங்கானுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. கம்ப்யூட்டரின் வயிற்றில், கம்பியில் கலந்து வருகிற மின் கசடுகளை எர்த்துக்குத் தள்ளுவதற்கென்று இரண்டு குட்டிக் கண்டென்சர்கள் இருக்கின்றன. "அதுவும் பெரும்பாலும் பீங்கான்தான் சார், நம்ம ஊர்ச் சரக்குக்குத் தாயாதி" என்றான் பையன். வாசல் அடைத்துப் போனால் அந்த இரண்டும் சேர்ந்து யந்திரத்தின் இரும்பு உடம்பையே மின்சாரத்தில் பாதி அளவுக்கு ஏற்றி வைத்துவிடும். 230-ல் பாதி, 115. ஆளைக் கொல்லும் வேகம் அதில் இல்லை. வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்று இழுக்கும். தொட்டவர் உடம்பு வழியாக அது கொஞ்சம் இறங்கும்போது யந்திரத்துக்குத் தன் தரை எது என்பதே ஒரு கணம் மறந்து போகும். அவள் கை வைத்தபோது நின்றது என்று நான் பார்த்தது பொய்யல்ல. அவள் ஒருத்திதான் அங்கே வெறுங்காலோடு நடந்தாள்.

பின்புறம் வேப்பமரத்தடியில் குழியைக் கண்டுபிடித்தோம். சிமெண்ட் மூடியைத் தூக்கினால் உள்ளே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமை ஆபீசைக் கழுவுகிற தண்ணீர் பின்வாசல் வழியாக அந்தப் பக்கம்தான் ஓடி வரும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினோம். குடித்த சத்தம் எனக்குக் கேட்டது போலிருந்தது. மேலும் இரண்டு குடம். ஒரு மணி நேரம் கழித்து மீட்டரை வைத்தான், பதினாறு. சாயங்காலம் ஐந்து. மறுநாள் காலையில் இரண்டு. "நாள் தவறாம ஊத்தினாப் போதும். முடிஞ்சா இன்னொரு குழி வெட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு, எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். சர்வர் அதற்குப் பிறகு நிற்கவில்லை.

பையன் போகிறபோது எனக்கு இன்னொரு கதையையும் சொல்லிவிட்டுப் போனான். 1997 ஜூலை 4-ந் தேதி அமெரிக்கர்கள் செவ்வாய்க் கிரகத்தில் 'பாத்ஃபைண்டர்' என்ற கலத்தை இறக்கினார்கள். உலகமே கைதட்டியது. சில நாளில் அதிலிருந்த கம்ப்யூட்டர் தானாக அணைந்து அணைந்து பிழைக்க ஆரம்பித்தது. கோடானுகோடி மைலுக்கு அப்பால்! போய்ப் பொத்தானை அமுக்க ஆள் கிடையாது. பூமியில் வைத்திருந்த இரட்டையை அதே மாதிரி ஓடவிட்டுப் பார்த்துக் காரணம் கண்டார்கள். முக்கியமான வேலைக்கு வேண்டிய சாவியை முக்கியமில்லாத ஒரு வேலை கையில் வைத்திருந்தது. நடுத்தரமான இன்னொரு வேலை குறுக்கே புகுந்து நேரத்தைப் பிடித்துக் கொண்டது. நம் ஆபீசுகளில் பீரோச் சாவி பியூனிடம் இருக்க, பியூனை ஒரு விருந்தாளி அரட்டையில் பிடித்துக் கொள்ள, மேனேஜர் வாசலில் நிற்பாரே, அது மாதிரி. திருத்தத்தை இங்கிருந்தே அனுப்பிச் சரி செய்துவிட்டார்கள். ஆனால் பையன் சொல்ல வந்தது அதுவல்ல. கலம் புறப்படுவதற்கு முன், பூமியிலேயே சோதனையில் அந்த யந்திரம் ஓரிரு முறை அப்படி அணைந்ததாம். ஏதோ சில்லறைக் கோளாறு என்று விட்டுவிட்டார்களாம். "சுருக்குனு இழுக்குதுன்னு அந்த அக்கா சொன்னப்பவே யாராச்சும் கேட்டிருந்தா, உங்களுக்கு எண்பதாயிரம் மிச்சம் சார்" என்றான்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. கட்டடம் கட்டிப் பதினோரு வருஷம். பத்துக் கோடையில் நிற்காத யந்திரங்கள் இந்தக் கோடையில் ஏன் நிற்க வேண்டும்? இதற்கும் விடை அந்தப் பெண்ணிடம்தான் இருந்தது. "தாத்தா ஊத்துவாரு" என்றாள். பொங்கலோடு அனுப்பிவிட்ட காவல்காரர். நாலு மூலையிலும் காமிரா வைத்தாகிவிட்டது, இனி எதற்கு ஒரு கிழவர் என்று கணக்குத் தீர்த்துவிட்டார்கள்.

சிநேகிதரும் நானும் அவரைத் தேடிப் போனோம். ஊருக்கு வெளியே, சோளக் காட்டை ஒட்டி வீடு. பெரியவர் கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து நின்றார். சிநேகிதர் எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை.

"குழி வெட்டுன கரண்டுக்காரரு சொன்னாருங்க, தினம் ரெண்டு குடம் ஊத்துன்னு. ஏன்னு நான் கேக்கலை. ஐப்பசி, கார்த்திகையிலே மட்டும் ஊத்த மாட்டேன். மத்தபடி ஊத்திடுவேன்."

"போறப்ப எங்கிட்டே சொல்லியிருக்கலாமே, பெரியவரே?"

அவர் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார், பிறகு சிநேகிதரைப் பார்த்தார். "மேனேஜரு அய்யாகிட்டே சொன்னேனுங்க. 'மரத்துக்குத்தானே, அது பொழைச்சுக்கும்'னாரு."

திரும்பி வரும் வழியில் சிநேகிதர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாளிலிருந்து பெரியவர் காலையில் வந்து போகிறார். பழைய சம்பளத்தில் பாதி. இதற்காக நான் சிநேகிதரோடு சண்டை போட்டேன். "ரெண்டு குடம் தண்ணிக்கு முழுச் சம்பளமாடா?" என்று அவர் கேட்டார். நாலு வைத்தியர்களுக்கு அழுததை நினைவுபடுத்தினேன். அதற்கு அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

அந்தப் பெண்ணை இருக்கச் சொன்னார்கள். சம்பளத்தில் ஆயிரம் கூட்டுவதாகவும் சொன்னார்கள். "சரிங்க சார்" என்று கேட்டுக் கொண்டாள். மாதக் கடைசி வரைக்கும் ஒழுங்காக வந்து பில் போட்டாள். விருத்தாசலத்தில் வேறிடம் பார்த்துக் கொண்டு போய்விட்டாள்.

போவதற்கு முதல் நாள் மாலை நான் கீழே இறங்கி வந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று மாடியில் நாலைந்து விதமாக யோசித்து வைத்திருந்தேன். சாப்பாட்டு வேளையில் நான் சொன்ன சொல்லும், தொடர்கதையில் நுழைத்த அசட்டுப் பெண்ணும் அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ. எப்படி ஆரம்பித்தாலும் ஒப்புக்கொள்வதைவிட எனக்கு நானே பரிந்து பேசிக் கொள்வதாகத்தான் வாக்கியம் அமைந்தது. கடைசியில், "நான்கூடத் தப்பா நினைச்சுட்டேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"பரவாயில்லைங்க சார்" என்றாள் அவள். கொஞ்சம் தயங்கினாள். "அந்தக் காலண்டர் தாளெல்லாம் உங்ககிட்டேதானே இருக்கு? திருப்பிக் கொடுத்துடறீங்களா? அதிலேயே பால் கணக்கும் எழுதி வச்சிருக்கேன்."

மாடிக்குப் போய் எடுத்து வந்து கொடுத்தேன். நின்றபடியே வாங்கி, ரப்பர் வளையத்தைக் கழற்றி, ஐம்பத்து மூன்றும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துக் கொண்டாள்.